பன்னிரண்டாயிரம் தேனீக்கள் ஆஜர்

தேனீக்களுக்கு வருகைப்பதிவு எடுத்த பள்ளிக்கூடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் கல்லுக்கொட்டாய் அரசு உயர்நிலைப் பள்ளி. பதிவில் இருந்தவை பன்னிரண்டாயிரம் தேனீக்கள். ஒன்றுகூட ஆப்சென்ட் இல்லை. சொல்லப்போனால் ஓர் ஆயிரம் கூடுதலாகவே வந்திருந்தன. பிள்ளைகள் விஷயத்தில் அப்படி ஒரு வருகையை அந்தப் பள்ளி கட்டிய நாளிலிருந்து கண்டதில்லை.

இதைப் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் சொன்னேன். டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டுச் சிரித்தார். மொரப்பூர் ரயிலடியில் சொன்னேன். ரயில் வரும்வரை பொறுமையாகக் கேட்டவர்கள், வந்ததும் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்கள். எனக்கு வருத்தமில்லை. நான் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்தவரை ஓர் அங்குலம் கூட்டிச் சொன்னதில்லை. அத்தனை வருடம் சேர்த்துவைத்த அங்குலங்களை இப்போதுதான் செலவழிக்கிறேன். அதனால் சின்னப்பன் சொன்னான் என்றால் நாலில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். அந்த வழக்கம் ஒரு பெண்ணின் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தது என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நான் படித்த காலத்தில் எங்கள் பள்ளியில் தண்ணீருக்குத்தான் பஞ்சம், பாடத்துக்குப் பஞ்சமில்லை. நூற்பு என்று ஒரு பாடம். வகுப்பு முழுக்க உட்கார்ந்து வருடக்கணக்கில் தக்ளி சுற்றினோம்; எல்லார் நூலையும் சேர்த்தாலும் ஒரு பட்டம் மேலே போகாது. தோட்டவேலை என்று ஒரு பாடம். தலைமையாசிரியர் வீட்டுக் கத்தரிச் செடிக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமப்பது அதன் செய்முறை. கத்தரிக்காயின் ருசி பாடத்திட்டத்தில் இல்லை. நீதிபோதனை வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு. போதிக்க வந்தவர் தூங்கிவிடுவார், தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்கிற நீதியை நாங்களாகக் கற்றுக்கொண்டோம். குடிமைப் பயிற்சியில் வகுப்புத் தலைவருக்குத் தேர்தல் நடக்கும். ஓட்டு எண்ணும் முன்பே ஜெயித்தவன் மிட்டாய் கொடுத்துவிடுவான்.

இவற்றோடு தேனீ வளர்ப்பு. அது எப்படி வந்தது என்றால், சென்னையில் யாரோ ஒருவர் வரைபடத்தில் விரல் வைத்தார். பென்னாகரம் பக்கம் காடு. காடு என்றால் தேன். தேன் என்றால் தேனீ. விரல் எங்கள் பள்ளிக்கூடத்தின் மேல் நின்றுவிட்டது. மாட்டுவண்டியில் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. இருப்புப் பதிவேட்டில் நாற்காலி, கரும்பலகை, உலக உருண்டை என்ற வரிசைக்குக் கீழே ‘தேனீ – 12,000’ என்று ஏற்றினார்கள். யார் எண்ணியது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

பாடம் நடத்தியவர் ஜேக்கப் சார். நல்ல மனிதர், தேனீ என்றால் மட்டும் நடுக்கம். வந்த இரண்டாம் வாரமே தேனீக்கள் டி.சி. வாங்காமல் காட்டுக்குப் போய்விட்டன. சார் பெட்டியின் மூடியில் நாலு மூலையிலும் ஆணி அடித்தார். அதன் பிறகு அவர் பயமில்லாமல் பாடம் நடத்தினார். உள்ளே ராணி ஓய்வெடுக்கிறது, சத்தம் போடாதீர்கள் என்பார். நாங்கள் வரிசையாகப் போய்ப் பெட்டியில் காதை வைத்துக் கேட்போம். ரீங்காரம் கேட்டதாகச் சொன்னவனுக்குப் பத்துக்கு எட்டு மார்க். தேன் வாசனையும் வந்ததாகச் சொன்னவனுக்குப் பத்து. நான் அந்தப் பாடத்தில் பள்ளியிலேயே முதலாவது.

ஜேக்கப் சார் ஓய்வு பெற்றார். பெட்டி சத்துணவுக் கூடத்து அடுப்பில் எரிந்தது. நூற்பும் தோட்டமும் அவற்றின் ஆசிரியர்கள் போனதும் போய்ச் சேர்ந்தன. தேனீ வளர்ப்பு மட்டும் காகிதத்தில் நிலைத்துவிட்டது. அதை நீக்க வேண்டுமென்றால் தேனீக்கள் என்ன ஆயின என்று எழுத வேண்டும். எழுத எந்தத் தலைமையாசிரியருக்கும் தைரியம் வரவில்லை.

அந்தக் காகிதத்தில்தான் சில்வியா டீச்சர் வந்து மாட்டினார்.

சில்வியா எங்கள் கோயில் தெருப் பெண். படித்தது தையல். பகுதி நேர ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, மாவட்டத்தில் தையலுக்கு இடமில்லை, தேனீக்கு ஒன்று காலியாக இருக்கிறது என்று ஆணை கொடுத்துவிட்டார்கள். ஊசியும் கொட்டுகிற ஜாதிதானே என்று நினைத்திருப்பார்கள். வந்த நாளிலிருந்து அவர் எங்கள் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார். ஆங்கில ஆசிரியர் இல்லாதபோது ஆங்கிலம். ஆண்டுவிழா என்றால் டான்ஸ். தேர்தல் என்றால் வாக்குச்சாவடி. வாரத்தில் மூன்று அரைநாள் வேலைக்கு ஐந்து முழுநாளும் வந்தார், என்றைக்காவது நிரந்தரம் ஆக்குவார்கள் என்ற நம்பிக்கையில். வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தவர். முதுகுத்தண்டில் அடிபட்டு வீட்டோடு வந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வீடு நிற்பது இந்த அரைநாட்களின் மேல்தான்.

போன வருடம் அரசாங்கம் ஒரு குழு போட்டது: வழக்கொழிந்த பாடங்கள் சரிபார்ப்புக் குழு. பழைய பாடங்களில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துப்போயிற்று என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்கும். உயிரோடு இருந்தால் ஆசிரியர் நிரந்தரம். செத்திருந்தால் பாடத்தையும் ஆசிரியரையும் ஒரே நாளில் அடக்கம் செய்துவிடுவார்கள்.

தகவல் வந்த அன்று தலைமையாசிரியை அன்பரசி சில்வியாவைக் கூப்பிட்டார். அன்பரசி கெட்டவர் இல்லை. ஆனால் மேலதிகாரி வருகிறார் என்றால் அவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால்தான் தெளியும். நானும் அப்போது அங்கே இருந்தேன். தேனீ வளர்ப்பில் தேர்ச்சி பெற்று உயிரோடு இருக்கும் ஒரே முன்னாள் மாணவன் என்பதால் என்னைப் ‘பாட வல்லுநர்’ ஆக்கியிருந்தார்கள். நான் மறுக்கவில்லை. நாற்காலி போட்டுக் காபி கொடுக்கிற எதையும் நான் மறுப்பதில்லை.

“கடன் வாங்கிடலாம் சில்வியா,” என்றார் அன்பரசி.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. ஆய்வு என்றால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் சாமான்கள் ஊர்வலம் போகும். அதிகாரியின் ஜீப்புக்கு ஒரு பஸ் முன்னால் மைக்ராஸ்கோப்பு போகும், அதற்கு முன்னால் நூலகப் புத்தகங்கள் போகும். ஒரே எலும்புக்கூடு ஒரு வாரத்தில் ஒன்பது பள்ளிகளில் பணியாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். கண்டக்டர்கள் அதற்கு வணக்கம் சொல்கிற அளவுக்குப் பழகிவிட்டது. அந்த முறைப்படி ஒரு தேனீப் பெட்டியை ஒரு நாளைக்குக் கடன் வாங்குவது என்று முடிவாயிற்று.

பெட்டி ஒகேனக்கல் ரோட்டில் தமிழ்ச்செல்வனிடம் இருந்தது. சுற்றுலாக்காரர்களுக்குத் தேன் விற்கிறவன். தேனீயைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் யூடியூப்பில் பார்த்தது. அதையே தானும் யூடியூப்பில் சொல்லிக்கொண்டிருப்பவன். சாயங்காலம் தேனீக்கள் கூடு திரும்பியதும் வாசல் இடுக்கில் பஞ்சு அடைத்துக் கொடுத்தான். திறக்கும்போது பதட்டப்படக் கூடாது, அதுக்குத் தெரிஞ்சிடும் என்றான். எப்படித் தெரியும் என்று சில்வியா கேட்டார். அந்த வீடியோ இன்னும் வரவில்லை என்றான்.

ஆட்டோக்காரர் பெட்டியின் சத்தத்தைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். பஸ்தான். பெட்டியை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு சில்வியா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் நான். பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது முந்தானைக்குள்ளிருந்து ஒரு உறுமல் கிளம்பியது. காதை வைக்காமலே கேட்கிற நிஜ ரீங்காரத்தை நான் அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். உடனே இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தேன். முன்சீட்டு அம்மாள் திரும்பி, அது என்ன சத்தம் கண்ணு என்று கேட்டார்.

“போன் வைப்ரேசன்ல இருக்குதுங்க ஆயா.”

“எடுத்துப் பேசேன். அந்தப் பக்கம் யாரோ ரொம்பக் கோவமா இருக்கறாங்க.”

சில்வியா சிரித்தார். கைகள் பெட்டியை அழுத்திப் பிடித்திருந்தன. கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சு ஒரு விரற்கடை நகர்ந்தால் நாங்கள் நாற்பது பேரும் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்க வேண்டியதுதான். பென்னாகரம் வரும்வரை அவர் கண்ணை இமைக்கவில்லை என்று நான் சத்தியம் செய்வேன். ஆனால் என் சத்தியம்தான் செல்லாதே.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பெட்டி நீல நிறத்தில் மின்னியது. விடிந்ததும் அன்பரசி பெயிண்டரைக் கூப்பிட்டு எனாமல் அடிக்கச் சொல்லியிருக்கிறார். ஆய்வுக்கு வரும் எதுவும் பெயிண்ட் இல்லாமல் நின்றதாக அவர் பணிக்காலத்தில் சரித்திரம் இல்லை. வாசல் இடுக்கின் மேலும் இரண்டு கோட்டிங். பெட்டியின் நெற்றியில் பள்ளியின் பெயர், அதன் கீழே ‘அமைதி காக்கவும்’. உள்ளே தேனீக்கள் அமைதி காக்கவில்லை. பெட்டி அடுப்பில் வைத்த குக்கர் மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது.

பத்து மணிக்குக் குழு வந்தது. வாசலில் எல்லாருடைய செல்போனையும் வாங்கிக் கூடையில் போட்டார்கள். தலைவர், இணை இயக்குநர் மாதவராஜ். உயரமும் பருமனுமாக, சட்டையில் ஒரு மடிப்பு கலையாமல், தான் நடப்பதைத் தானே ரசிக்கிற மனிதர். உறுப்பினர், தணிக்கை அலுவலர் பானுமதி. ஒல்லியான அம்மாள். யாரையும் எதையும் நம்பாதவர் என்று மாவட்டமே சொல்லும். காலை வணக்கம் என்று சொன்னால் மணியைப் பார்த்துவிட்டுத்தான் பதில் வணக்கம் சொல்வார். ஒரு பள்ளியில் எட்டு மின்விசிறி இருப்பு என்று காட்டியதற்கு, எட்டையும் சுற்றவிட்டு ஒவ்வொன்றின் கீழும் உட்கார்ந்து எழுந்தவர்.

வரவேற்பில் குறை வைக்கவில்லை. பன்னீர் தெளித்தார்கள். சந்தனம், கற்கண்டு. மாதவராஜுக்கு இடுப்புவரை தொங்கும் ரோஜா மாலை. பானுமதிக்கும் ஒன்று நீட்டினார்கள். இது எந்த நிதியில் வாங்கியது என்று அவர் கேட்டதும் அது மேசைக்குப் போய்விட்டது. மாதவராஜ் மைக்கைப் பிடித்தார்.

“நான் முப்பத்தொரு குழுவில் இருந்திருக்கேன். முப்பதாவது குழு போட்ட பரிந்துரைதான் முப்பத்தோராவது குழு. ஒரு பாடம் உயிரோட இருக்கான்னு குழந்தைங்களக் கேட்டு முடிவு பண்ணிடலாம்னு சிலர் சொல்றாங்க. அது ஆபத்து. குழந்தைங்க உண்மையச் சொல்லிடுவாங்க. அதுக்குத்தான் குழு. நானே பள்ளியில் விவசாயம் ஒரு பாடமா படிச்சவன். இன்னிக்கும் நெல்லு எந்த மரத்துல காய்க்குதுன்னு கேட்டா, கோப்பைப் பார்த்துத்தான் சொல்வேன். அவசரப்பட மாட்டேன்.”

எல்லாரும் கை தட்டினார்கள். பெட்டி அதிர்ந்தது.

பிறகு திறப்பு. பெட்டிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. மாதவராஜ் ரிப்பனை வெட்டினார். மூடியைத் திறப்பது சில்வியாவின் வேலை. அதைத்தான் ராத்திரி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மேடையில் நின்று பழகிய மாதவராஜ், திறப்புவிழா என்றால் திறப்பது தலைவர்தான் என்று அவரை ஒதுக்கிவிட்டுத் தானே மூடியைத் தூக்கினார்.

பெட்டிக்குள்ளிருந்து கரும்புகை மாதிரி ஒன்று எழுந்தது. மைதானத்தில் வரிசையாக நின்ற பிள்ளைகள் ஒரே நொடியில் வகுப்பறைகளுக்குள் போய் ஜன்னலைச் சாத்தினார்கள். எங்கள் பள்ளி வரலாற்றில் அவ்வளவு ஒழுங்காக வகுப்புக்குப் போனது அன்று ஒருநாள்தான். அன்பரசி, விருந்தாளிகளுக்குப் பஜ்ஜி என்னாயிற்று பார்க்கிறேன் என்று சமையல் கூடத்துக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் பாட வல்லுநர் என்பதால் தூணுக்குப் பின்னால் நின்று கவனித்தேன்.

எனாமல் வாடை தாங்காமல் வீட்டை விட்டே கிளம்பிய ராணித் தேனீ, ரோஜா மாலையைக் கண்டதும் அதில் போய் உட்கார்ந்தது. ராணி உட்கார்ந்த இடத்தில்தானே மற்றவை உட்காரும். கண்ணை மூடித் திறப்பதற்குள் மாதவராஜின் கழுத்திலிருந்து இடுப்புவரை தேனீ. சட்டை தெரியவில்லை. முகமும் இரண்டு கைகளும் மட்டும் வெளியே இருந்தன. அவர் கண் மட்டும் உருண்டது.

அப்போதுதான் பானுமதி காலிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு பென்சிலால் உள்ளே கிளறினார். பதிவேட்டைத் திறந்தார்.

“பன்னிரண்டாயிரம் இருப்பு காட்டியிருக்கீங்க. பெட்டி காலி. இருப்பு பறந்துபோச்சுன்னு எழுதிக்கட்டுங்களா டீச்சர்?”

அவர் பேனா மூடியைக் கழற்றினார். அந்த ஒரு வரி எழுதினால் முடிந்தது.  சில்வியா முந்திக்கொண்டார்.

“பறக்கலைங்க மேடம். சார் மேல இருக்குதுங்க.”

“எண்ணிக் காட்டுங்க.”

“இத எப்புடிங்க எண்றது?”

“அப்ப அறுபது வருசமா எப்படி எண்ணினீங்க?”

ஜன்னல் இடுக்கில் பிள்ளைகளின் மூக்குகள் வரிசையாக ஒட்டியிருந்தன. மாதவராஜ் உதட்டை அசைக்காமல், இது என் பணிப் பதிவேட்டில் ஏறக் கூடாது என்றார். சில்வியா, பெட்டியைத் திருப்பி எடுத்துப்போக வந்து காம்பவுண்டுக்கு வெளியே நின்ற தமிழ்ச்செல்வனைப் பார்த்துக் கத்தாமல் கேட்டார். வீடில்லாத தேனீ கொட்டாது, தட்டினால்தான் கொட்டும் என்று அவன் சொன்னான். எண்ணிக்கை கேட்டதற்குக் கிலோவுக்குப் பத்தாயிரம் என்று யாரோ வீடியோவில் சொன்னதாகச் சொன்னான்.

சில்வியா பானுமதியைப் பார்த்துத் திரும்பினார். “நாங்க பட்டன எண்ணி வாங்கறதில்லைங்க மேடம். எட போட்டுத்தான் வாங்கறது.”

பானுமதி பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு யோசித்தார். அவருடைய விதிகளில் எடை போடக் கூடாது என்று எங்கும் இல்லை. பிள்ளைகளின் உடல்நலப் பரிசோதனைக்கு வாங்கிய எடை மெஷினைத் தானே போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். தேனீ மூடிய ஓர் இணை இயக்குநரின் காலடியில் அதை வைத்துவிட்டு, அவரே மண்டியிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், ஆடக் கூடாதென்று.

இனி அவர் அதன் மேல் ஏற வேண்டும். ஒரு சாண் உயரம்தான். அந்த ஒரு சாண் எனக்கு மலை மாதிரித் தெரிந்தது. அசைந்தால் தேனீக்கள் கிளம்பும். கிளம்பினால் ஒருவேளை அவர் உயிர் போகும்; நிச்சயமாகச் சில்வியாவின் வேலை போகும். சில்வியா அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றார்.   பேசியது, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல்முதலாக ஊசி பிடிக்கச் சொல்லித்தருகிற குரலில்.

“அவசரமில்லைங்க சார். வலது கால் மட்டும். மூச்ச இழுக்காதீங்க, தானா வரட்டும். ஊசி கையில இருக்கறப்ப கை ஆடக் கூடாது. அவ்வளவுதான்.”

“பதினெட்டு வருசமா ஒரே நாற்காலியில ஆடாம அசையாம இருந்தவன்மா நான்,” என்றார் மாதவராஜ், காற்று மாதிரி. “இது எனக்குப் புதுசில்ல.”

வலது கால் ஏறியது. மாலையில் ஓர் அலை ஓடியது; ஆயிரம் இறக்கைகள் ஒன்றாக விரிந்து மடங்கின.  இடது கால் ஏறியது. பானுமதியின் மூக்குக் கண்ணாடியின் மேல் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. அவர் அதை ஒரு நொடி உற்றுப் பார்த்தார், மேலே போ என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். அது மேலே போயிற்று. “தொண்ணூத்தொண்ணு புள்ளி நாலு,” என்றார்.

அந்த நேரத்தில் ஜன்னலுக்குள்ளிருந்து கவிப்பிரியா என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டாள், அந்த ராணி என்ன வேலை செய்யும் டீச்சர் என்று. சில்வியா வந்த பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பாடத்தில் கேட்கப்பட்ட முதல் கேள்வி. சில்வியா திரும்பாமலே பதில் சொன்னார்: “முட்ட போடும். மத்தபடி உக்காந்திருக்கும். மத்ததெல்லாம் அதச் சுத்தி ஓடியாடி வேல செய்யும்.” பிள்ளைகள் எல்லாரும் ஒரே சமயத்தில் மாதவராஜைப் பார்த்தார்கள்.

தமிழ்ச்செல்வன் பெயிண்ட் அடிக்காத ஒரு பெட்டியோடு வந்து, மாலையை மெல்லக் கழற்றி அதற்குள் உதறினான். ராணி உள்ளே போனதும் மற்றவை கோடு கோடாகப் பின்னால் போயின. கடைசித் தேனீ போனதும் மாதவராஜ் தண்ணீர் கேட்டார். தொண்டை வறண்டு சொல்லே வரவில்லை. ஒரு பையன் சொம்போடு ஓடி வந்தான். பானுமதி அவனைத் தடுத்துவிட்டார்.

“காலி எடை இன்னும் போடலை. சார் ஒரு டம்ளர் குடிச்சா ரெண்டாயிரம் தேனீ குறையும். மாலையையும் திரும்பப் போட்டுக்குங்க சார். அது இல்லாம ஏறினா அத்தனையும் தேனீ கணக்குல வந்துடும்.”

மாவட்டத்தின் இணை இயக்குநர், பிய்ந்துபோன மாலையைத் தானே கழுத்தில் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை எடை மெஷினில் ஏறினார். வியர்வை கொட்டியது. வியர்த்தால் தேனீ அதிகமாகிவிடும் என்று பானுமதி வரவேற்புக்குப் போட்டிருந்த மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டார். தொண்ணூறு புள்ளி ஒன்று. பானுமதி கழித்துப் பார்த்தார். மறுபடியும் கழித்துப் பார்த்தார். அவர் முகம் இறுகியது.

“பதிமூணாயிரம். ஆயிரம் கூடுதலா இருக்கு.”

நாங்கள் மூச்சு விட்டோம். அது தப்பு. தணிக்கையில் குறைவு ஒரு குற்றம் என்றால், அதிகம் அதைவிடப் பெரிய குற்றம். குறைந்ததைத் தின்றுவிட்டோம் எனலாம்; கூடியது எங்கே இருந்து வந்தது? வேறு பள்ளியின் இருப்பைக் கொண்டுவந்து காட்டுகிறீர்களா என்று பானுமதி கேட்டார். எலும்புக்கூட்டின் ஒன்பது பள்ளிகளையும் அறிந்தவர் அவர். பேனா மறுபடியும் காகிதத்தில் இறங்கியது.

சில்வியா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அறுபது வருசத்துல ஆயிரம்தாங்க மேடம் கூடியிருக்குது. அதுங்க குட்டி போட்டு, பேரன் பேத்தி எடுத்து எல்லாம் சேத்தி. புது அட்மிசன்னு எழுதிக்கங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல பசங்க சேர்க்கை கொறஞ்சிக்கிட்டேதாங்க வருது. அதுங்களாவது கூடட்டும்.”

 பானுமதி ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினார். போகும்போது தமிழ்ச்செல்வனின் போனை மாதவராஜ் வாங்கிப் பார்த்தார்; வெளியே நின்றதால் அவன் ஒருவன்தான் கூடைக்குத் தப்பியிருந்தான். அதிலிருந்த படங்களைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜீப்பில் ஏறினார்.

அடுத்த மாதம் தர்மபுரியில் விசாரணை. சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். மாதவராஜின் அறிக்கை அவர் மேசையில் இருந்தது: தேனீ எதுவும் காணப்படவில்லை, வகுப்பு எதுவும் நடைபெறவில்லை, பாடம் இறந்துவிட்டது. சில்வியா நின்றுகொண்டிருந்தார். பகுதி நேர ஆசிரியர்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது.

தன் தரப்பைச் சில்வியா தயங்கித் தயங்கிச் சொன்னார். எடை மெஷின் வந்ததும் பெரிய அதிகாரி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். என்னம்மா இது, ஒரு இணை இயக்குநரைத் தராசில் ஏற்றித் தேனீக்கு அட்டெண்டன்ஸ் எடுத்தீர்களா என்று கேட்டுச் சிரித்தார். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். மாதவராஜும் சிரித்தார், எல்லாரையும்விடக் கொஞ்சம் சத்தமாக. தலைமையாசிரியை அன்பரசியைக் கேட்டார்கள். தான் பஜ்ஜி விஷயமாகச் சமையல் கூடத்தில் இருந்ததாகச் சொன்னார், அது உண்மைதான். என்னைக் கேட்டார்கள். நான் உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் வாய் பழக்கத்தை விடவில்லை. தேனீ கிளம்பியதில் சூரியனே மறைந்து, ஒகேனக்கல் வரை இருட்டாகிவிட்டது, கோழிகள் கூட்டுக்குள் போய்விட்டன என்று சொல்லிவிட்டேன். பெரிய அதிகாரி என்னை உட்காரச் சொன்னார்.

சில்வியா என்னைத் திட்டவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கைப்பையின் ஜிப்பை மூடினார், அங்கிருந்து கிளம்ப வேண்டியதுதான் என்பதுபோல. அந்த ஜிப் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பெரிய அதிகாரி பேனாவை எடுத்தார். விதிப்படி உறுப்பினரின் ஒப்புதலும் வேண்டும் என்பதால், இன்னும் சிரிப்பு அடங்காமலே பானுமதியின் பக்கம் திரும்பினார். நீங்கள் எதையும் நம்பாதவர், உங்களைக் கேட்க வேண்டியதே இல்லை, கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றார். மாதவராஜ் தானே அறிக்கையை அவர் முன்னால் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

பானுமதி அந்த விரலைப் பார்த்தார். அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் படித்தார்.  பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நான் இதுவரைக்கும் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் எதுவும் நடந்துச்சுன்னு எழுதிக் குடுத்ததில்லைங்க சார். நடக்கலைன்னுதான் எழுதுவேன், அது எப்பவும் சரியாத்தான் இருக்கும்,” என்றார். மாதவராஜ் தலையசைத்தார். பானுமதி அறிக்கையைக் கையெழுத்து இல்லாமலே திருப்பி அவர் பக்கம் தள்ளினார்.

“ஆனா இது நடந்துச்சுங்க. பதிமூணாயிரம். மெஷின ரெண்டு கையாலயும் புடிச்சிட்டு மண்டி போட்டு உக்காந்திருந்தது நான்தாங்க.”